பண்டிகைக் காணொளிகளில் விடுபட்டுப்போகும் எச்சரிக்கைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பெருக்கில் தொடங்கி கோகுலாஷ்டமி, பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் என்று தொடர்ந்து வரும் பண்டிகைகளுக்கான பலகாரங்களையும் கைவேலைகளையும் இன்று பெரும்பாலான இளம் குடும்பங்கள் கைப்பேசியைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன. இதை நான் மனமார வரவேற்கிறேன். மாமியாரும் அம்மாவும் வேறு ஊரில் இருக்க, அடுக்ககத்தில் கணவனும் மனைவியுமாக மட்டும் வாழும் பிள்ளைகள், கடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்காமல் அரிசியை ஊறப்போட்டுத் தாங்களே முயன்று பார்ப்பது மகிழ்ச்சி தரும் செய்தி. ஆண்கள் அடுப்பருகே வந்ததில் இந்தக் காணொளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே காணொளிகளைக் குறை கூறுவதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. அவற்றில் திரும்பத் திரும்ப விடுபட்டுப்போகும் ஒன்றைச் சுட்டிக்காட்டவே எழுதுகிறேன்.

கடந்த கோகுலாஷ்டமியன்று எங்கள் அடுத்த வீட்டு இளைஞர் முதன்முறையாக உப்புச் சீடை செய்தார். மிளகாய்ப்பொடி டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார். மாவைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துப் பிசைந்து, காணொளியில் பார்க்க அழகாக இருந்தபடியே, விரிசல் ஒன்றுகூட இல்லாமல் அழுத்தி உருட்டி, தட்டில் அடுக்கியதும் எண்ணெயில் போட்டுவிட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சீடை பொன்னிறத்துக்குத் திரும்பும் நேரத்தில் ஒன்று வெடித்துக் கூரையில் பட்டது. அதைத் தொடர்ந்து மற்றவையும் வெடிக்கத் தொடங்க, எண்ணெய் அவர் முன்னங்கையிலும் கழுத்திலும் தெறித்தது. கண்ணில் படாததற்கு அவருடைய மூக்குக்கண்ணாடிதான் காரணம். கொப்புளங்கள் ஆறியபின்னும் கையில் தழும்பு இருக்கிறது.

சீடை ஏன் வெடிக்கிறது என்பது பள்ளி மாணவருக்கும் புரியக்கூடிய அறிவியல். எண்ணெயின் சூடு 170, 180 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதில் விழுந்த சீடையின் மேற்பரப்பு சிறிது நேரத்திலேயே இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரமோ 100 டிகிரியிலேயே நீராவியாகிறது. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகும். அந்த ஆவி வெளியேறச் சிறு துளையோ விரிசலோ இல்லையென்றால், பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொண்ட குக்கரைப் போல அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அழுத்தி உருட்டிய வழவழப்பான சீடை வெடிப்பதும், லேசாக உருட்டிய சொரசொரப்பான சீடை பெரும்பாலும் வெடிக்காமல் இருப்பதும் இதனால்தான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் கடைப்பிடித்த ஒவ்வொரு படியும் இந்த ஈரத்தையும் அடைப்பையும் குறைப்பதற்காகவே இருந்தது. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி இடிப்பார்கள். சலித்த மாவை, விரலால் எடுத்துக் கோலம் இழுத்தால் இழை வரும் பதத்துக்கு வறுப்பார்கள். உளுந்தை வாசனை வரும்வரை வறுத்து அரைத்து, கப்பி ஒன்றுகூட இல்லாமல் மறுபடியும் சலிப்பார்கள். உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைத்து வடிகட்டித்தான் மாவில் சேர்ப்பார்கள். தேங்காய்ப் பல்லை வாணலியில் வதக்கி ஈரம் போக்குவார்கள். உருட்டியதைப் பழைய வேட்டியில் பரப்பி, வேட்டி ஈரத்தை உறிஞ்சும்வரை விட்டுவைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். சில வீடுகளில் ஒவ்வொரு சீடையிலும் ஊசியால் ஒரு குத்து உண்டு. எல்லாம் முடிந்தபின்னும் முதலில் ஒரே ஒரு சீடையைப் போட்டுப் பார்த்து, அது அடங்கி வெந்த பிறகே அடுத்த ஈடு.

ஒரு நிமிடக் காணொளியில் முதலில் வெட்டப்படுவது இந்தக் காத்திருப்புதான். துணியில் கிடந்து உலரும் சீடையைக் காட்டினால் பார்ப்பவர் அடுத்த காணொளிக்குப் போய்விடுவார் என்ற கணக்கு புரிகிறது. பிசைந்த கை அடுத்த நொடியே உருட்டுகிறது, அதற்கடுத்த நொடி எண்ணெய் நுரைக்கிறது. இடையே கழிந்த நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீண்ட காணொளிகளில் பொறுப்போடு எல்லாவற்றையும் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் ‘வெடிக்காத சீடை’ என்று தலைப்பிட்டு வருபவற்றில் பல, அந்த உறுதிமொழியாலேயே ஆபத்தைக் கூட்டுகின்றன. வெடிக்காது என்று நம்பியவர் வாணலிக்கு மேல் குனிந்து பார்க்கிறார். வெடிக்கும் என்று தெரிந்தவர் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் கிளறுகிறார், குழந்தைகளை அடுக்களைக்குள் விடுவதில்லை.

பெரியவர்களும் காரணத்தைச் சொல்லவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். “அவசரப்படாதே, காயட்டும்” என்பதோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்றார்கள். தப்பாக உருட்டினால் கையைத் தட்டிவிட்டார்கள். காணொளியால் பக்கத்தில் நிற்க முடியாது என்பதால், காரணத்தையும் ஆபத்தையும் வாயால் சொல்லிவிடுவது அதற்கு இரட்டிப்புக் கடமையாகிறது.

விபத்து நேர்ந்தபின் என்ன செய்வது என்பதையும் அதே காணொளியில் சொல்லச் சில வாக்கியங்கள் போதும். எண்ணெய் பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு, பனிக்கட்டி எதையும் வைக்கக் கூடாது. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. பெரிய காயமென்றால் 108-ஐ அழைக்கலாம். அடுத்த வீட்டில் அன்று முதலில் கைக்கு எட்டியது பற்பசைதான் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அதிரசத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாகுப் பதம் தப்பினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும் அல்லது கல்லாகும், அவ்வளவுதான் இழப்பு. ஆனால் கொதிக்கும் வெல்லப்பாகு 112 டிகிரிக்கு மேல் போகிறது என்பதையும், தண்ணீரைப் போல வழிந்து ஓடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதையும் பாகு காய்ச்சக் கற்றுத்தருபவர் சொல்ல வேண்டும். பதம் பார்க்கிறேன் என்று கொதிக்கும் பாகை நேராக விரலால் தொட்டுக் காட்டும் காணொளியைக் கண்டு பதறிப்போனேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது ஆறியபின் தண்ணீருக்குள்ளேயே உருட்டிப் பார்ப்பதுதான் முறை.

கைவேலைகளுக்கு வருகிறேன். பிள்ளையார் சதுர்த்திக்குக் குழந்தைகளே களிமண்ணில் பிள்ளையார் செய்வதைக் காட்டும் காணொளிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிவருவது நல்லதே. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் திருத்தி வெளியிட்ட சிலைக் கரைப்பு வழிகாட்டு நெறிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கும் நிலையில், வீட்டிலேயே மண்ணில் செய்து வாளித் தண்ணீரில் கரைப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை. ஆனால் மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணியைப் பற்றி, நான் பார்த்த எந்தக் காணொளியிலும் ஒரு சொல் எச்சரிக்கையைக் காணவில்லை.

சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த அந்த அழகிய விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மேல்தோல் மிகக் கடினமாக இருப்பதால் முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் கடித்து மென்றாலோ, கோப்பதற்காகத் துளையிட்ட விதையை விழுங்கினாலோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எங்கள் ஊர்ப் பக்கம் முன்பெல்லாம் பெரியவர் ஒருவர்தான் அதை எண்ணி வைத்துவிட்டு, புனர்பூஜை முடிந்ததும் எண்ணி எடுப்பார். இன்று பூஜைக் கடைகளிலும் இணையத்திலும் சிறு பொட்டலமாக வாங்கி, மூன்று வயதுக் குழந்தையின் கையிலேயே கொட்டிவிடுகிறோம். மிளகு வைத்தாலும் பிள்ளையாருக்குக் கண் அழகாகவே அமையும். குன்றிமணிதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தாங்களே பதித்து, தாங்களே எடுத்து வைக்க வேண்டும். குழந்தை மென்றுவிட்டது என்ற சந்தேகம் வந்தால், அறிகுறிகள் தெரியச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எருக்கம்பூ மாலையும் அப்படித்தான். பூவைப் பறிக்கும்போதும் கோக்கும்போதும் காம்பிலிருந்து வடியும் பால் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். வலி அதிகம் தெரியாததால் பலர் மறுநாள்வரை பொறுத்திருந்து விடுகிறார்கள் என்பதே இதில் உள்ள பெரிய கேடு. கண்ணில் பட்டவுடன் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும்வரை கண்ணைக் கசக்காதே என்று குழந்தையிடம் சொல்லாமல் எருக்கம்பூவைக் கொடுக்கக் கூடாது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழந்தையின் கை அச்சை எடுத்துப் பரிசாகத் தரும் காணொளிகளும் பண்டிகை நாள்களில் வலம் வருகின்றன. அந்த மாவு தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். வாளியில் திரளாகக் கரைத்து அதற்குள் கையை விட்டு வைத்திருந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும், இறுகிவிட்டால் கையை எளிதில் எடுக்கவும் முடியாது. முதலில் களிமண்ணில் கையைப் பதித்து, கையை எடுத்தபின் அந்தப் பள்ளத்தில் ஊற்றினால் அதே பொம்மை கிடைக்கும். மெழுகுவத்தி வார்ப்பதிலும் இதே கவனம் தேவை. மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்தால் அளவுக்கு மீறிச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்கினால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகும் தாண்டாது.

காணொளி தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சீடை துணியில் உலரும் நேரத்தை எழுத்திலாவது திரையில் காட்டுங்கள். ‘ஒரு கப்’ என்பது ஒருவர் வீட்டில் 200 மில்லி டம்ளராகவும் இன்னொருவர் வீட்டில் 240 மில்லியாகவும் இருப்பதால், மாவையும் தண்ணீரையும் கிராமிலும் மில்லியிலும் சொல்லுங்கள். தண்ணீர் கூடினால் சீடைக்குள் ஈரம் கூடும் என்பதால், இது ருசிக்கான அளவு மட்டுமல்ல. எது வெடிக்கும், எது சுடும், எது நஞ்சு என்பதைக் காணொளியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், கடைசி வரை பார்ப்பவர்கள் குறைவு. தீபாவளிக்கு முன் பட்டாசுப் பாதுகாப்பு பற்றிப் பள்ளிகளில் செயல்விளக்கம் தரும் தீயணைப்பு, மீட்புப் பணித்துறையினர் அதே மேடையில் வாணலித் தீயை மூடியால் அணைத்துக் காட்டினால், மாணவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொல்வார்கள்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். பண்டிகை இணைப்பில் வரும் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் பண்டிகையன்றோ அதற்கு முந்தைய நாளோதான் வாசகர் கைக்கு வருகின்றன. அதற்குள் மாவு பிசைந்து முடிந்திருக்கும். அடுத்த கோகுலாஷ்டமிக்கு ஒரு வாரம் முன்பாகவே சீடைக்கான குறிப்பையும் எச்சரிக்கையையும், கூடவே குன்றிமணியையும் எருக்கம்பாலையும் பற்றிய சிறு பெட்டிச் செய்தியையும் வெளியிட்டால், அரிசி ஊறப்போடும் முன்பே வீடுகளில் படித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கும்பகோணம்.