மாற்றம் செய்த கார்கள்: இரைச்சலுக்கும் பாதுகாப்புக்கும் ஒரே தண்டனையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றம் செய்யப்பட்ட கார்கள் மீதான நடவடிக்கை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியையும், அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்களையும் படித்தேன். நள்ளிரவில் வெடிச்சத்தம் எழுப்பிக்கொண்டு தெருவைக் கடக்கும் கார்களால் தூக்கம் கெட்டவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தக் கடிதங்களில் ஒன்றிரண்டு, காரில் எதையாவது மாற்றியவர் எவராயினும் சாலையில் பிறர் உயிரோடு விளையாடுபவர் என்ற முடிவுக்கு வந்துவிட்டன. கோவையில் சிறிய பொறியியல் பட்டறை நடத்துபவன் என்ற முறையிலும், வேகமான கார்கள் மீது சிறுவயது முதல் பற்றுக் கொண்டவன் என்ற முறையிலும், அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் தன் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று 182ஏ பிரிவில் சேர்த்தது. கடுமையான விதிதான், அது தேவையில்லை என்று நான் வாதாட வரவில்லை. பதிவுச் சான்றிதழில் காரின் நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு, காலி எடை போன்றவை இருக்கின்றன. பிரேக் பேடின் தரமோ, ஷாக் அப்சார்பரின் விறைப்போ, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் இருக்கும் நிரலோ அதில் இல்லை. எனவே எது அனுமதிக்கப்பட்டது, எது குற்றம் என்பது பல நேரங்களில் சாலையோரம் நிற்கும் அதிகாரியின் கண்ணுக்கு எது படுகிறது, காதுக்கு எது கேட்கிறது என்பதைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. நல்ல தரமான அலாய் சக்கரம் கண்ணில் படுகிறது. வெட்டி எடுத்த ஸ்பிரிங் கண்ணில் படுவதில்லை.

வெட்டிய ஸ்பிரிங் என்று நான் குறிப்பிடுவது எதை என்பதைச் சற்று விளக்க வேண்டும். கார் தரையோடு ஒட்டினாற்போல் நின்றால் அழகு என்று நினைக்கும் சிலர், அதற்கென்று வடிவமைக்கப்பட்ட குட்டை ஸ்பிரிங்குகளை விலை கொடுத்து வாங்க மனமில்லாமல், இருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டிங் வீல் வைத்து ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ அறுத்துவிடுகிறார்கள். என் பட்டறைக்கு வந்த அப்படியொரு ஸ்பிரிங்கில், அறுத்த இடத்தில் எஃகு நீலம் பாய்ந்திருந்தது. அந்த அளவுக்குச் சூடேறிய எஃகு தன் பதத்தை இழந்துவிடக்கூடும். அதோடு, ஸ்பிரிங்கின் நுனி உட்காரும் தட்டின் பள்ளத்தோடு அது பொருந்தவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரம் ஒரு கணம் தொங்கினால் அந்த ஸ்பிரிங் இடம்விட்டு நழுவக்கூடும். மேடு ஏறினால் ஷாக் அப்சார்பர் அடிவரை சென்று ரப்பர் தடுப்பில் மோதும். குடும்பத்தோடு ஊட்டி மலைப்பாதையில் இறங்கும் காரில் இப்படிச் செய்வது கொலைக்குச் சமமான அலட்சியம் என்று கார் ஆர்வலர்களாகிய நாங்களே சொல்கிறோம்.

முகப்பு விளக்கு விஷயமும் இதைப் போன்றதே. பழைய கார்களில் உள்ள பிரதிபலிப்பான், ஹாலஜன் பல்பின் இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டது. 60/55 வாட் எரிய வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பைச் செருகினால், ரிலேயும் (அதிக மின்சாரம் சுவிட்ச் வழியே பாயாமல் காக்கும் கருவி) தகுந்த ஒயரிங்கும் இல்லாத காரில் சுவிட்சே உருகிப்போகும். அதே கூட்டில் மலிவான எச்ஐடி எனப்படும் அதிக ஒளி விளக்கையோ எல்இடியையோ பொருத்தினால் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பி, டிம் செய்தாலும் எதிரே வருபவரின் கண்ணில் பாய்கிறது. பாலக்காடு சாலையில் இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர்களைக் கேட்டால் இதன் கொடுமையைச் சொல்வார்கள். முன்பக்கம் இரும்புக் கம்பி வேலி கட்டுவதை எதிர்த்து மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து செல்பவருக்கு அது ஆபத்து. ஏர்பேக் வேலை செய்வதற்கும் இடையூறாகலாம். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி வெறுங்குழாய் வைப்பது, டீசல் காரில் புகைக்கரி வடிகட்டியை எடுத்துவிடுவது, எரிபொருளைப் புகைக்குழாயில் வெடிக்கவிட்டுச் சத்தம் எழுப்புவது ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம். இவற்றில் எதையும் நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால், உண்மையான ஆர்வலர்களுக்கிடையே என்ன விவாதம் நடக்கிறது என்பதைப் பொதுமக்கள் அறிவதில்லை. எந்த ஊரில் எந்தக் கார்க் கூட்டத்துக்குப் போனாலும், அனுபவமுள்ளவர்கள் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் வரிசை ஒன்று உண்டு: முதலில் டயர், அடுத்து பிரேக், அதன் பிறகு சஸ்பென்ஷன், குதிரைத்திறன் கடைசியில். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. அவை பிடிக்காவிட்டால் மற்றவை அனைத்தும் வீண் செலவு. டயர் அளவை மாற்றும்போதுகூட மொத்த விட்டம் மாறக்கூடாது, மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் கணக்கும் பிசகலாம் என்பது அவர்கள் கற்றுத்தரும் பாடம். 2018இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டின் தொடக்க வகைகளில் 165/80 ஆர்14 டயரும் உயர்வகைகளில் 185/65 ஆர்15 டயரும் இருந்தன. கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டின் விட்டமும் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர்தான். தயாரிப்பு நிறுவனமே தன் உயர்வகைக் காருக்குப் பொருத்தும் அளவை, அதே காரின் தொடக்க வகையை வைத்திருப்பவர் பொருத்தினால், அதைக் குற்றமாகப் பார்ப்பதில் எந்த நியாயமும் இல்லை.

ரீமேப் எனப்படும் எஞ்சின் கணினி மாற்றத்தைப் பற்றி ஆர்வலர்களே இரண்டு தரப்பாக நிற்கிறார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இல்லாத எஞ்சினில் அதனால் கிடைப்பது சொற்பம். டர்போ எஞ்சினில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் கணிசமான விசையைப் பெறலாம் என்பதால்தான் 2013இல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற கார்கள் இங்கே இளைஞர்களின் விருப்பமாயின. அந்தக் கார் 1.2 லிட்டர் எஞ்சினிலிருந்து 105 பிஎஸ் (குதிரைத்திறன் அலகு) திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. அதன் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. இந்த இடைவெளியை அறிந்து அளவோடு ட்யூன் செய்பவர் ஒரு ரகம். கியர்பெட்டியின் எல்லையையோ எஞ்சின் வெப்பத்தையோ கருதாமல் எண்ணை மட்டும் உயர்த்திக் காட்டுபவர் வேறொரு ரகம். என் கருத்தில், பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் சாதாரண டயருமாக உள்ள காரில் திறனை மட்டும் கூட்டுவது தவறு. அதைச் செய்து தரும் கடைக்காரர் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காவிட்டால், அந்தக் கடைக்கு மறுமுறை போகக்கூடாது.

மக்கள் ஏன் காரை மாற்ற முற்படுகிறார்கள் என்ற கேள்வியும் முக்கியமானது. நடுத்தர வருமானக்காரர் வாங்கக்கூடிய விலையில், தொழிற்சாலையிலேயே நன்கு உருவாக்கப்பட்ட வேகமான கார் நம் நாட்டில் அரிதாகவே கிடைக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் இருந்தால் வரி குறைவு என்ற விதி, சிறிய கார்களின் எல்லையை நெடுங்காலமாகவே வகுத்து வைத்திருக்கிறது. 2025இல் இங்கு விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐயின் ஷோரூம் விலை ஏறத்தாழ 53 லட்சம். ஐரோப்பாவில் சாதாரண சம்பளக்காரர்களும் நெடுங்காலமாக வாங்கி ஓட்டிவந்த ரகக் கார் அது.

இந்தக் குறையைப் போக்க ஒரு முயற்சி எங்கள் கோவையிலிருந்தே நடந்தது என்பதைப் பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன். கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் இணைந்து உருவாக்கிய டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி ஆகிய கார்கள் 2018 அக்டோபரில் வெளிவந்தன. சாதாரண டியாகோ பெட்ரோல் கார் 85 பிஎஸ் தந்த இடத்தில், ஜேடிபியின் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் 114 பிஎஸ் தந்தது. அதற்கேற்ப அகலமான டயர், தாழ்த்திச் சீரமைத்த சஸ்பென்ஷன், திருத்திய கியர் விகிதங்கள் என்று எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்திருந்தார்கள். டியாகோ ஜேடிபியின் ஷோரூம் விலை ஆறரை லட்சத்துக்கும் குறைவு. தெருமுனைக் கடையில் ஆளுக்கொரு திசையில் செய்யும் வேலைக்கும், பந்தய அனுபவமுள்ள பொறியாளர்கள் முழுக் காரையும் ஒன்றாக வைத்துச் சிந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தக் கார் காட்டியது. 2020இல் பிஎஸ்6 எனப்படும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது அது நின்றுபோனது. இன்றும் அதை வைத்திருப்பவர்கள் விற்க மனமில்லாமல் பாதுகாக்கிறார்கள். 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன் வந்தது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக்கும் விறைப்பான சஸ்பென்ஷனும் கொடுத்து, திறனைவிடக் கையாளும் தன்மைக்கு முக்கியத்துவம் தந்தது நல்ல திசையில் எடுத்து வைத்த அடி.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையில் பெரிய மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. ஃபியட் கார்களைத் தாங்களே பிரித்து மேம்படுத்தி அங்கே ஓட்டியவர்கள்தான் இந்திய மோட்டார் பந்தயத்துக்கு அடித்தளம் இட்டார்கள். மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கி, ஏராளமான இளைஞர்களுக்கு வாய்ப்பளித்த கரிவரதன் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்க்காரரே. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் இருக்கிறது. இந்தத் தடங்கள் வார இறுதிகளில் சாதாரண கார் உரிமையாளர்களுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில், மருத்துவ ஊர்தியும் பயிற்சியாளரும் உடனிருக்கத் திறக்கப்பட்டால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் வேகம் பார்க்கும் இளைஞர்களில் ஒரு பகுதியினராவது அங்கே வருவார்கள். காரின் வழக்கமான காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இடமில்லை என்பதால், தடத்தில் ஓட்டும் நாளுக்கெனத் தனிக் குறுங்காலக் காப்பீட்டையும் காப்பீட்டு நிறுவனங்கள் யோசிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமாகத் தேவைப்படுவது, முறையான மாற்றத்தைச் சோதித்துப் பதிவு செய்யும் வழி. ஜெர்மனியில் சக்கரம், ஸ்பிரிங், சைலன்சர் போன்ற உதிரிபாகங்கள் தரச்சான்றோடு விற்கப்படுகின்றன. தேவையானபோது டியூஃப் போன்ற வாகனச் சோதனை அமைப்பின் ஆய்வாளர் பொருத்திய விதத்தைச் சரிபார்த்து ஆவணத்தில் பதிகிறார். இந்த நடைமுறையை மீறி ஓட்டினால் அந்தக் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். ஜப்பானில் கார் தரையிலிருந்து குறைந்தது 9 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளவு சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் அளந்து பார்க்கிறார், வாக்குவாதத்துக்கு வேலையில்லை. நம்மிடமும் அதற்கான வசதி இல்லாமல் இல்லை. ஒரகடத்தில் உள்ள உலக வாகன ஆராய்ச்சி மையத்தில் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் கருவிகளும் நிபுணர்களும் இருக்கிறார்கள். எரிவாயுக் கருவி பொருத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்காகக் காரை மாற்றியமைப்பதற்கும் சட்டமே வழி வகுத்திருக்கிறது. அதே வழியைப் பிரேக், சஸ்பென்ஷன், டயர், அளவான எஞ்சின் ட்யூனிங் ஆகியவற்றுக்கும் நீட்டிக்கும்படி மாநில அரசு மத்திய அமைச்சகத்தை வற்புறுத்தலாம்.

அதுவரை போக்குவரத்துத் துறை செய்யக்கூடிய ஒன்று உண்டு. எந்தெந்த மாற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை, எவற்றுக்கு முன் அனுமதி வேண்டும், எவை எந்நிலையிலும் கூடாது என்று அளவுகளோடு தமிழில் எழுதி, ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். சோதனைக்கு நிற்கும் அதிகாரிகளிடம் ஒலி அளவீட்டுக் கருவியும் முகப்பு விளக்கின் ஒளியை அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். தங்கள் நாளிதழ் இந்தக் கோரிக்கையைப் போக்குவரத்து ஆணையரின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.