டிக் டிக் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் கெட்டியான ஆயிலுக்கு மாறிவிடலாம் என்று தங்கள் நாளிதழின் வாகனக் குறிப்பில் படித்தோம். சில வண்டிகளில் அப்படிச் செய்தால் சத்தம் அடங்கத்தான் செய்யும். ஆனால் 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயிலைக் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினால், காலைக் குளிரில் அது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஏற நேரமாகும். அதுவரை அங்கே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரும் காய்ந்தே உரசும். இதே சத்தத்தைக் கேட்டு, ‘இன்ஜின் வேலை வந்துவிட்டது’ என்று ஹெட்டை இறக்கச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் முன்னால், காசில்லாமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினாலும் இதே கதைதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். சிவப்பு ஆயில் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. அழுத்தம் பெரும்பாலும் அரை பாருக்குக் கீழே விழுந்தால்தான் அது எரியும். சந்தேகம் இருந்தால் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும்.

அடுத்து சத்தத்தின் வேகம். கேம் ஷாஃப்ட், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை திறக்கும். ஒரே ஒரு டாப்பெட் தளர்ந்திருந்தால், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தால், நொடிக்கு ஆறேழு தட்டு, மெல்லியதாக, மேலேயிருந்து கேட்கும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தால் அதைப் போல் இரு மடங்கு வேகத்தில், அடியில் ஆயில் தேங்கும் சம்ப் பக்கமிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வரும். லோடு ஏறினால் கூடும். பெட்ரோல் வண்டியில் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் மின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், பேரிங் சத்தம் அந்தச் சிலிண்டரில் குறையும், டாப்பெட் சத்தம் குறையாது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைக் கையால் செய்யக் கூடாது, ஸ்கேனரில்தான் செய்ய வேண்டும். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஹெட் கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் இடம் பிடிபடும். தோளில் துண்டு, துப்பட்டா இருந்தால் எடுத்துவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லிக்கொண்டு சுற்றாது.

டாப்பெட் என்று நினைத்துப் பலர் ஏமாறும் இடம், ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்ட். அது ஹெட்டோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் கசிந்தாலும் அச்சு அசல் அதே ‘டிக் டிக்’தான். குளிர்ந்த இன்ஜினில் பலமாகக் கேட்கும். சூடேறி உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டதும் குறையும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற போல்ட் முறிந்திருந்தால் அதையும் எடுத்து மாற்ற வேண்டும், புது கேஸ்கெட் மட்டும் நிற்காது. தளர்ந்த ஸ்பார்க் பிளக்கும் இப்படித்தான் கசிந்து தட்டும். வாஷர் உள்ள புது பிளக்கைக் கையால் முட்டும் வரை முறுக்கி, ஸ்பேனரில் அரைச் சுற்று கூட்டினால் போதும். டீசலில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் ‘சஃப் சஃப்’ என்று கேட்கும், சுற்றிலும் தார் போலக் கரி படியும். இன்ஜெக்டரின் மெல்லிய டிக் டிக்கும், பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு விட்டு விட்டுத் தட்டுவதும் பழுதே அல்ல.

இதையெல்லாம் கழித்த பிறகும் சத்தம் மேலேயே இருந்தால் டாப்பெட். மாருதி 800, ஆம்னி போன்ற ஸ்குரூ வகையில் செட்டிங் செய்வது எளிது. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையோடு சுற்றும். முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சிக்கு, அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வந்து நிற்கும் நிலைக்கு, கொண்டுவந்தால் அதன் இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் இன்னொரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விட்டால் அது லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். குளிர்ந்த நிலையில் ஏறக்குறைய 0.15 மி.மீ. என்றாலும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே கணக்கு. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து திரும்பும் என்பதால் இறுக்கிய பின் மறுபடி அளப்பது கட்டாயம். பிறகு கிராங்கை 240 டிகிரி சுற்றி மூன்றாவது, இன்னொரு 240 சுற்றி இரண்டாவது சிலிண்டர். செட்டிங் சரியாக இருந்தும் சத்தம் போகவில்லையா? ராக்கர் நுனியைப் பாருங்கள். அதில் குழி விழுந்திருந்தால் தட்டையான கேஜ் குழிக்கு மேலே பாலம் போல நிற்கும், உண்மையான இடைவெளி அதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்த ராக்கரை மாற்றத்தான் வேண்டும்.

சத்தத்துக்குப் பயந்து இடைவெளி அளவைக் குறைத்துவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் கெடுதல். இடைவெளியே இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட்டில் அது அமரும் வளையமான சீட்டில் முழுதாக உட்காராது. சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரம் கருகிப் போகும். எல்.பி.ஜி., சி.என்.ஜி.க்கு மாற்றிய பழைய வண்டிகளில் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குவதால் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். அவற்றில் சத்தம் இல்லாவிட்டாலும் கேஜ் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் போன்றவற்றில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட், செட்டிங்கே கிடையாது. காலையில் ஐந்து, பத்து நொடி தட்டிவிட்டு நின்றால் முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு உள்ளே இருக்க வேண்டும். மட்டமான ஃபில்டரில் அது சரியாக வேலை செய்யாது. சூடான பிறகும் தட்டினால் சரியான கிரேடில் ஆயிலும் நல்ல ஃபில்டரும் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். உள்ளே கசடு அதிகமுள்ள இன்ஜினில் கசடைக் கரைக்கும் ஃபிளஷ் ஊற்றுவதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பெயர்ந்த கசடு சம்பிலுள்ள வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்தால் டாப்பெட்டோடு பேரிங்கும் சேர்ந்து போகும். சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவுவது கூடுதல் கூலிதான், ஆனால் அதுதான் முறை.

மேலே சொன்ன கனமான ‘டொக் டொக்’ கேட்டாலோ, ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலோ அடுத்த பணிமனை வரை ஓட்டிப் போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு பணிமனையின் மெக்கானிக்குகள்,
ஈரோடு.