திரையைக் கொடுங்கள், கரும்பலகையைக் கழற்றாதீர்கள்

ஊர்ப் பள்ளிகளுக்கு உதவும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முன்னாள் மாணவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது இருப்பது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம் இருக்கின்றன.

சென்ற ஆண்டு, எங்கள் பள்ளியில் படித்து வெளியூர் போனவர்கள் சேர்ந்து பணம் போட்டு ஒரு பெரிய தொடுதிரை வாங்கிக் கொடுத்தார்கள். அன்று பிள்ளைகள் துள்ளிய துள்ளலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாட்ட வந்தவர்கள் இடம் தேடினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிற நடுச்சுவரில் கரும்பலகை இருந்தது. அதைக் கழற்றி வராந்தாவில் சாய்த்துவிட்டு அங்கே திரையை மாட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அந்த நாளில் தோன்றாததை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து, இனமாற்றிக் கூட்டும் கணக்கு நடத்தினேன். 27ஐயும் 15ஐயும் கூட்ட வேண்டும். திரையில் ஓர் அழகான காணொளி போட்டேன். பத்துக் குச்சிகள் ஒரு கட்டாகிப் பத்தாம் இடத்துக்குப் பறந்து போகும். "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று அறை முழுக்கக் குரல். மறுநாள் நோட்டை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் 312 என்று எழுதியிருந்தார்கள். ஏழும் ஐந்தும் 12, இரண்டும் ஒன்றும் 3, அதைச் சேர்த்து எழுதினால் 312. அவர்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கரும்பலகை இருந்தபோதும் இதே தப்பு வரும். ஆனால் வருகிற இடத்திலேயே பார்த்துவிடுவேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுப்பேன். ஏழையும் ஐந்தையும் விரல் விட்டு எண்ணி, 12 எழுதப் போகும்போது அந்தக் கை ஒரு கணம் நிற்கும். என்னைத் திரும்பிப் பார்க்கும். அந்த இடத்தில்தான் நான் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஈர்க்குச்சிகளை எண்ணச் சொல்லி, பத்தை ரப்பர் போட்டுக் கட்டச் சொல்லி, அந்தக் கட்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். தானே கட்டிய கட்டை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை. காணொளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குப் பிள்ளையின் கை நின்றது தெரியாது. அது பாட்டுக்கு ஓடிப் போய்விடும்.

வராந்தாவில் கிடந்த பலகையைத் தூக்கி வந்து இரண்டு நாற்காலிகளின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை மறுபடி நடத்தினேன்.

நீங்கள் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியிருப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு இன்னொன்று கிடைத்தது. 2007 வாக்கில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கறுப்பு அடித்து, ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுத்தோம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி அவர்கள் வரைந்ததைத் தொங்கவிட்டோம். என் பணிக்காலத்தில் வந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சுவர்க்கட்டம்தான். அதற்கு மின்சாரமும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுதலாம். தொடுதிரையில் ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிரம்படியும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை என்பதும் உண்மை. அதை யாரும் திரும்பக் கேட்க வேண்டாம். ஆனால் அங்கே மணலில் விரலால் எழுதிப் பழகிய முறையில் ஒரு பலன் இருந்தது. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குச் சொல்லித் தரும் சட்டாம்பிள்ளை முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் அவர் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பரவியது. என் வகுப்பில் இன்றும் 'ழ' எழுத வராத பிள்ளைக்கு ஒரு தட்டில் மணலைப் பரப்பிக் கொடுக்கிறேன். கண்ணாடி போன்ற திரையில் விரல் வழுக்கிப் போகிறது. மணல் விரலைப் பிடித்து நிறுத்துகிறது.

சரி, அப்படியென்றால் திரை எதற்கு? அதையும் நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைப் பார்த்ததில்லை. திமிங்கிலம் மூச்சு விடுவதைத் திரையில் பார்த்தபோது அறையில் ஒரு சத்தம் இல்லை. அதை என் சாக்பீஸால் ஒருநாளும் காட்டியிருக்க முடியாது. ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு, எரிமலை, இதயம் துடிப்பது, விதை முளைவிடுவதைச் சில நொடிகளில் காட்டுவது, இதற்கெல்லாம் திரை அருமையான துணை. 2018 முதல் வந்த பாடநூல்களில் இருக்கும் விரைவுத் துலங்கல் குறியீட்டை (QR கோடு) ஸ்கேன் செய்தால் இப்படிப் பல காணொளிகள் கிடைக்கின்றன. பத்து நிமிடம் போட்டுவிட்டு அணைத்துவிடுவேன். அப்புறம் பேச்சும் கையும் வேலை செய்ய வேண்டும்.

திரை செய்த மிகப் பெரிய நன்மை வேறு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். ஒருநாள் மதியம் வீடியோ காலில் வந்து, அறை சன்னல் வழியாகத் தூரத்தில் நிற்கும் கப்பல்களைக் காட்டினார். "கப்பல் ஏன் முங்கல?" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்க, அவர் ஒரு தட்டையும் தண்ணீர் வாளியையும் எடுத்து வந்து செய்து காட்டினார். மறுநாள் சத்துணவுத் தட்டுகள் எல்லாம் தொட்டியில் மிதந்தன. நீங்கள் பணம் அனுப்புவதைவிட அரை மணி நேரம் இப்படி வந்தால் எங்களுக்கு அதிகம் கிடைக்கிறது.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். கல்வித் தொலைக்காட்சி இருந்தது, கைப்பேசிப் பாடங்கள் இருந்தன. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். திரும்பி வந்த பிள்ளைகள் எழுத்துகளையே மறந்திருந்தார்கள். அவர்களை மீட்டது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைத்தவர்கள்தான். பள்ளிகளுக்குப் பணத்தையும் கருவிகளையும் தாராளமாகக் கொடுத்த சுவீடன்கூட 2023இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது.

2022 டிசம்பரில், அரசுப் பள்ளிகளுக்கு வெளியிலிருந்து உதவி திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற தமிழக அரசின் திட்டம் வந்த பிறகு, உங்களைப் போல உதவ முன்வருபவர்களுக்கு நல்ல வழி பிறந்திருக்கிறது. உங்கள் பாசத்தின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வாங்குவதற்கு முன் அந்த வகுப்பில் நிற்கும் ஆசிரியரிடம் ஒரு தடவை பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன். திரை வாங்கினால் அதைப் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். கரண்ட் போனால் திரையை ஓட்டும் பேட்டரி மூன்று நான்கு ஆண்டில் போய்விடும், இணையத்துக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், அதற்கும் சேர்த்து ஒதுக்குங்கள். மிச்சமிருந்தால் மணிச்சட்டம், படக்கதைப் புத்தகங்கள், பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரில் பூசக் கறுப்பு பெயிண்ட் வாங்கிக் கொடுங்கள். விலை குறைவுதான். நன்கொடைப் பட்டியலில் இவற்றை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

எங்கள் பள்ளியில் மே மாத விடுமுறையில் திரையைப் பக்கச் சுவருக்கு மாற்றப் போகிறோம். எலக்ட்ரீஷியன் வருகிறார். கரும்பலகை நடுச்சுவருக்குத் திரும்புகிறது. பூச்சு அடிக்க ஆள் வேண்டும். கோவை இலை பள்ளி வேலியிலேயே இருக்கிறது.

அன்புடன்,
ஓர் ஈராசிரியர் பள்ளி ஆசிரியை