ஓத நேரமும் தீவு அனுமதியும் ஒரே பலகையில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலோர நடை மற்றும் கயாக் குழுவினர்

பெறுநர்:
கடலோரச் சுற்றுலா அலுவலர் அவர்கள்

பொருள்: கயாக் இறக்குதுறையில் ஓத நேரம், தீவு அனுமதி விவரங்கள் அடங்கிய பலகை வைக்கவும் புறப்பாட்டுப் பதிவேடு தொடங்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். காலையில் பாறைக்கரையோரம் நடை, வெயில் ஏறுமுன் கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் எதிரே உள்ள தீவு, அங்கிருந்து அடுத்த சிறு தீவு, பொழுது சாயுமுன் கரை என்று ஒரே நாளில் போய்வருபவர்கள் நாங்கள். இவை எல்லாம் ஒரு பகலுக்குள் அடங்குமா என்பது கடல்நீர் ஏறி வற்றும் ஓதத்தையும் காற்றையும் பொறுத்தது. ஆனால் ஓத அட்டவணை ஓர் அலுவலகச் சுவரில் இருக்கிறது; தீவில் இறங்கும் அனுமதியை வேறொரு அலுவலகத்தில் கேட்க வேண்டியிருக்கிறது; நடைபாதை மூடல் அறிவிப்பைப் பாதையின் தொடக்கத்துக்குப் போனால்தான் பார்க்க முடிகிறது. கயாக்கைத் தண்ணீரில் தள்ளும் இடத்திலோ ‘குளிக்கத் தடை’ என்ற பலகை மட்டுமே நிற்கிறது.

இதை வெறும் வசதிக்காகக் கேட்கவில்லை. நாளுக்கு இரண்டு ஓதம் வரும் கரைகளில் ஓர் உச்ச ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போயிருக்கும். நீர் ஒரே சீராகவும் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகக் கொண்டால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு என்பது கடலோடிகள் கைக்கணக்கு. மொத்த ஏற்றத்தில் பாதி அந்த நடு இரண்டு மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. போகும்போது கணுக்கால் நனைந்த பாறைமுனையில் திரும்பும்போது இடுப்பளவு நீர் நிற்பது இதனால்தான். பின்னால் செங்குத்துப் பாறை என்றால் ஒதுங்கவும் இடமில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் இன்னும் கூடுதல்.

கயாக்கில் இந்தக் கணக்கு மேலும் இறுக்கமாகும். ஓய்வாகத் துடுப்புப் போடுபவர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போவார். இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய நீர்ப்பாதையில் எதிர் நீரோட்டம் 2 நாட், அதாவது மணிக்கு 3.7 கிலோமீட்டர் இருந்தால், அவர் முன்னேறுவது மணிக்குச் சுமார் 1.3 கிலோமீட்டர்தான். தெளிந்த வானமுள்ள நாட்களில் பிற்பகலில் கடற்காற்றும் வலுக்கும். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் இழுத்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். புதியவர்கள் அங்கே எளிதில் கவிழ்ந்துவிடலாம். வானிலை அறிவிப்பில் ‘மிதமான காற்று’ என்று மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு இது தெரிய வழியில்லை.

ஆகவே, கயாக் இறக்கும் இடத்தில் ஒரு பலகை வைத்து, அன்றன்றைய உச்ச, தாழ் ஓத நேரங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தில் நீரோட்டம் ஓடும் திசையையும் எழுத ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். எந்தத் தீவில் இறங்கலாம், பறவைகள் முட்டையிடும் பருவத்தில் எது மூடப்படும், எந்தப் பாறைமுனையை எத்தனை மணிக்குள் தாண்டிவிட வேண்டும் என்பனவும் அதிலேயே இருக்கட்டும். தேதி தவறாமல் மாற்ற ஓர் ஆள் பொறுப்பில் இருப்பது அவசியம். பழைய ஓத நேரம் எழுதிய பலகை, பலகையே இல்லாததைவிட ஆபத்து.

பக்கத்திலேயே ஒரு பதிவேடும் வேண்டும். எத்தனை பேர், எத்தனை கயாக், என்ன நிறம், எந்தத் தீவு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று எழுதினால் போதும். திரும்பியதும் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் கையெழுத்து விடுபட்டிருந்தால், தேடுபவர்களுக்கு எங்கே தொடங்குவது என்றாவது தெரியும். செல்பேசிச் சிக்னல் தீவுகளின் மறுபக்கத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. படகிலிருந்து பேச உதவும் விஎச்எஃப் வானொலிக் கருவியும் எல்லாரிடமும் இருப்பதில்லை. இருப்பவர்களுக்காக அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையைப் பலகையில் குறித்துவைக்கலாம்.

உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்கினால் மனமுவந்து ஏற்போம். பயணத்தையே தடைசெய்துவிட வேண்டாம். தடை போட்டால், போகிறவர்கள் யாரும் பார்க்காத மூலையிலிருந்து புறப்படுவார்கள். பலகைக்கான வாசகத்தையும் வரைபடத்தையும் தயாரித்துத் தர நாங்கள் தயார். அடுத்த பயணப் பருவம் தொடங்குமுன் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழுவினர்