மார்க்கம்களி பார்த்துவிட்டு வந்து எழுதுவது

அன்புள்ள மக்கா,

நீ வாட்ஸாப்பில் அனுப்பியிருந்த நீளமான குரல் பதிவைக் கேட்டேன். பதிலும் குரலிலேயே சொல்லிவிடலாம் என்றால், நான் பேசத் தொடங்கும்போதுதான் வீட்டில் ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அதனால் உட்கார்ந்து தட்டிவிட்டேன், சாவகாசமாகப் படி.

வீட்டுச் செய்தி முதலில். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் மண்டைக்காட்டுக் கொடைக்குப் போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று போய்விட்டு வந்தும்விட்டாள். மூத்தவன் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான், அதனால் டிவிக்குத் துணி போட்டு மூடியிருக்கிறது. ரப்பர் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக் கலைவிழாப் பொறுப்பை இந்த வருஷம் உன் தலையில் கட்டிவிட்டார்கள், என்னென்ன போட்டி வைக்கலாம், வழக்கமான சினிமா டான்ஸும் பாட்டுக்கு வாயசைப்பதும் பார்த்துப் பார்த்து சலித்துவிட்டது என்று புலம்பியிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். தங்கச்சி மகள் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படிக்கிறாள் இல்லையா, அவள் கல்லூரியின் மார்க்கம்களி என்கிற குழு ஆட்டத்துக்கான அணியில் சேர்ந்துவிட்டாள், கேரளப் பல்கலைக்கழக இளைஞர் விழாவுக்கு மாமா கட்டாயம் வரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கேயே கிடந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு மிமிக்ரி பார்த்துக்கொண்டு கட்டஞ்சாயா குடிக்கும்போது உன்னைத்தான் நினைத்தேன்.

அந்தப் பல்கலைக்கழகம் நமக்கு அந்நியம் இல்லை, தெரியுமா? 1937-ல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்று ஆரம்பித்ததுதானே அது. 1956-ல் நம் கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்கிற வரைக்கும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியே அதன் கீழ்தான் இருந்தது. அப்புறம் சென்னை, மதுரை, இப்போது மனோன்மணியம் சுந்தரனார் என்று நாம் கைமாறிக்கொண்டே வந்துவிட்டோம். அன்று எல்லை வேறு மாதிரி போட்டிருந்தால் நீயும் நானும்கூட அங்கே போய் ஏதாவது ஒரு மேடையில் உளறியிருப்போம்.

விழா எப்படி என்கிறாயா? ஒரே சமயத்தில் பல மேடைகள். ஒன்றில் மோகினியாட்டம், ஒன்றில் ஒப்பனா என்கிற மாப்பிள்ளை முஸ்லிம்களின் கல்யாண ஆட்டம், இன்னொரு மூலையில் தஃப் என்கிற பறையைத் தட்டி ஆடும் தஃப்முட்டு, வகுப்பறை ஒன்றில் கவிதை எழுதும் போட்டி, மரத்தடியில் அடுத்து ஆடப்போகிற கோல்களிப் பையன்கள் கடைசி நேர ஒத்திகை. எந்த மேடையில் என்ன ஓடுகிறது என்று பிள்ளைகள் போனில் பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். நடத்துவது பல்கலைக்கழக மாணவர் யூனியன், தேர்தலில் ஜெயித்து வந்த பிள்ளைகள். மைக் பிடிப்பதும் பந்தியில் சோறு போடுவதும் அவர்களேதான்.

சாக்கியார் கூத்து நடந்த அறையில் கூட்டமே இல்லை. ஒரு பையன் தலையில் அந்தக் கிரீடத்தைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒருவன் மிழாவு என்கிற பெரிய செம்புக் குடத்தை அடிக்க, புராணக் கதை சொல்கிறான். சாக்கியார் கதைக்கு நடுவில் சபையில் இருக்கிற யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மரபு. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நழுவப் பார்த்த ஒரு வாத்தியாரைக் கையைக் காட்டி, காட்டுக்குள் வழி தவறி வந்த குரங்கோடு சேர்த்துவிட்டான். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார், வேறு வழி?

இனி மார்க்கம்களி. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் ஆட்டம் அது. நடுவில் நிலவிளக்கு, சுற்றி நின்று கைகொட்டிப் பாடி ஆடுவார்கள், இயேசுவின் சீடர் தோமையார் இங்கே வந்த கதைதான் பாட்டு. விளக்கு கிறிஸ்து, சுற்றி ஆடுகிற பன்னிரண்டு பேர் சீடர்கள் என்று முன்பு ஆண்கள் ஆடியது, இப்போது போட்டி மேடைகளில் பெரும்பாலும் பெண்கள்தான், இவள் அணியில் ஏழு பேர். வேறு வாத்தியம் கிடையாது, குழித்தாளம் என்கிற சின்னக் கைத்தாளம் மட்டும். தக்கலைப் பக்கம் திருவிதாங்கோட்டு அரைப்பள்ளி இருக்கிறதே, தோமையார் கட்டியது என்று சொல்வார்களே, அதே தோமையார். மண்டைக்காட்டம்மன் பிரசாதத்தைப் பேத்தி நெற்றியில் பூசிவிடச் சொல்லித்தான் எங்கள் அம்மா என்னை அனுப்பினாள். பாட்டு தோமையாரைப் பற்றி என்றதும், "அவர் நம்ம ஊருக்கு வந்தவருதானே, பாடட்டும்" என்று முடித்துவிட்டாள்.

அலங்காரம் நடந்த அறைக்குள் தாய்மாமன் என்கிற உரிமையில் நானும் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். உடுப்பு வெள்ளைச் சட்டையும் வெள்ளை முண்டும், அவ்வளவுதான். முண்டின் ஒரு முனையைப் பின்பக்கம் விசிறி போலத் தொங்கவிட வேண்டும், ஞொறி என்கிறார்கள். வயதான ஒரு அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கஞ்சி போட்ட துணியை விரல் அகலத்துக்கு மடித்து மடித்து நகத்தால் கீறி அழுத்திக்கொண்டே போனார், எதிரில் ஒரு பெண் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மடிப்பு பிசகினால் மொத்தத்தையும் உதறிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து. அதைக் கட்டியபிறகு உட்காரவும் கூடாது, சாயவும் கூடாது. இவர்கள் முறை வர நள்ளிரவு ஆகிவிட்டது, அதுவரைக்கும் ஏழு பிள்ளைகளும் சுவரில்கூட முதுகு படாமல் நின்றுகொண்டே, ஒருத்தி ஊட்ட இன்னொருத்தி என்று பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள். காதின் மேல்பக்கம் மாட்டுகிற மேக்காமோதிரம் வாடகை நகை, அதற்கென்றே கடை இருக்கிறதாம்.

மேடையில் விளக்கு அணையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறி ஏறிப் போகிறது ஆட்டம். குனிந்து வளைந்து ஏழு பேரும் விளக்கைச் சுற்றும்போது, கைகொட்டு ஒரே சத்தமாக விழுகிறதா என்றுதான் சபை காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு ஆச்சரியம் அந்தச் சபைதான் மக்கா. தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு எந்த அடி பிசகியது என்று தெரிகிறது. முந்தைய அணியில் ஒருத்தி அரை வினாடி முந்திவிட்டாள், எனக்குப் புரிவதற்குள் பின்னால் இருந்து "அய்யோ" என்று ஒரு சத்தம். தங்கச்சி மகள் அணிக்கு இரண்டாம் இடம். முதலிடம் வந்த அணிக்கும் பயிற்சி கொடுத்தது இவர்களுடைய ஆசானேதான்! மனுஷர் இரண்டு அணி ஆடும்போதும் முகத்தில் ஈ ஆடாமல் நின்றார். இந்த சீசனில்தான் அவருக்கு நாலு காசு, கல்லூரி கல்லூரியாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார், மற்ற நாட்களில் பெயின்ட் வேலை.

அவரோடு சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. போட்டி வைத்தால் கலை கெட்டுப்போகும் என்று நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம். கெடத்தான் செய்கிறது, ராத்திரி முழுக்க ஆடியதைச் சில நிமிஷத்துக்குள் திணித்தால் எது மிஞ்சும்? ஆனால் போட்டிப் பட்டியலில் மார்க்கம்களி என்று ஒரு வரி இருப்பதால்தான் இந்த ஆசானுக்கு மாணவிகள், ஞொறி மடிக்கிற அந்த அம்மாவுக்குக் கூலி, நகைக் கடைக்கு வாடகை, அரை வினாடிப் பிசகைப் பிடிக்கிற சபை. பட்டியலில் பேர் இருந்தால் அந்தக் கலைக்குச் சோறு உண்டு.

இந்தக் கலைவிழாப் போட்டிகள் ஆரம்பித்த கதையைக் கேள். 1954-ல் டெல்லி தல்கத்தோரா தோட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளைஞர் விழா தொடங்கினார்கள். அந்த விழாவை 1956-ல் பார்த்துவிட்டு வந்தவர் அப்போது கேரளத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த சி.எஸ். வெங்கடேஸ்வரன். இதை நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் செய்தால் என்ன என்று 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் நடத்திக் காட்டியதுதான் இன்றைக்கு 117 பவுன் தங்கக் கோப்பைக்கு மாவட்டங்கள் மல்லுக்கட்டுகிற பள்ளிக் கலோத்சவம், அதாவது கேரளத்துப் பள்ளிகளின் கலைவிழா. அடுத்த வருஷமே, 1958-ல், பாட்டில் முதல் பரிசு யேசுதாஸ், மிருதங்கத்தில் முதல் பரிசு 2025 ஜனவரியில் நம்மை விட்டுப்போன பாடகர் ஜெயச்சந்திரன். இரண்டு பையன்களும் சேர்ந்து, ஒருவர் பாட ஒருவர் வாசிக்கிற போட்டோவைப் பார்த்திருப்பாய். ஜெயச்சந்திரன் குரலுக்காக நீ சுடுகாட்டுப் பக்கத்து டீக்கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மலையாளத்தான் வாலைப் பிடித்துவிட்டான் என்பாய். பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் குச்சிப்புடி, மோகினியாட்டம் எல்லாம் எட்டாக்கனி. உடுப்பு, மேக்கப்காரர், பக்கமேளம் என்று கடன் வாங்கி ஆடவைக்கிற பெற்றோர்கள் உண்டு. பள்ளிக் கலோத்சவத்தில் அதிகப் புள்ளி எடுக்கிற பெண்ணுக்குக் கொடுத்துவந்த கலாதிலகம் பட்டத்துக்காக நடந்த அடிதடி தாங்காமல் 2006-ல் அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். தீர்ப்பு பிடிக்கவில்லை என்று அப்பீல், அதுவும் பிடிக்காவிட்டால் கோர்ட் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை ஆடியதற்குக் கோர்ட்டா என்று எனக்குத் தலை சுற்றுகிறது.

ஆனாலும் இதைக் கேள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த பள்ளிக் கலோத்சவத்தில் பழங்குடி ஆட்டங்கள் ஐந்தைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தார்கள். மங்கலம்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலைப்புலையர் ஆட்டம். இருளரும் பளியரும் யார்? மலைக்கு இந்தப் பக்கம் உன் கோவை ஜில்லாவிலும் தேனியிலும் இருக்கிற அதே சனங்கள். அந்தப் பக்கம் அவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நகரத்துப் பள்ளிக்கூடங்கள் ஆள் தேடி மலை ஏறுகின்றன. இந்தப் பக்கம்? நம் அரசுப் பள்ளிகளிலும் 2022-ல் இருந்து கலைத் திருவிழா நடக்கிறது, பிள்ளைகள் பறையும் வில்லுப்பாட்டும் ஒயிலாட்டமும் கற்றுக்கொண்டு வருகிறார்கள், அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைந்ததும் எல்லாம் அறுந்துபோகிறது, அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

போன வருஷம் நீ ஒரு வீடியோ அனுப்பினாய், இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இளைஞர் விழாவுக்கு உங்கள் பக்கத்தில் இருந்து போன அணி. நாட்டுப்புற ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, ஒயில், கடைசியில் தீப்பந்தம் வேறு. எது ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நான் அப்போதே சொல்லியிருப்பேன், நீ பரிசு வாங்கிய சந்தோஷத்தில் இருந்தாய், விட்டுவிட்டேன்.

ஆக, நீ கேட்டதற்கு என் பதில் இது. முப்பது போட்டியெல்லாம் வேண்டாம். இருக்கிற பட்டியலில் களியலாட்டம் என்று ஒரு வரியைச் சேர். அதிலும் நடுவில் விளக்குதான், ஆசான் தாளம் போட்டுப் பாட, பிள்ளைகள் கையில் கழி வைத்து அடித்துச் சுற்றி ஆட வேண்டும், மார்க்கம்களி பார்த்தபோது எனக்குப் பாதி நினைவு அதில்தான் இருந்தது. ஒரு அணி ஒரே ஆட்டம், கலப்படம் கூடாது, பதிவு செய்த பாட்டு கூடாது, ஆடுகிறவர்களோ ஆசானோ பாட வேண்டும் என்று விதியில் எழுது. நடுவராக ஆடத் தெரிந்தவரைக் கூப்பிடு, முக்கிய விருந்தினர் என்று சீரியல் நடிகரைக் கூப்பிட்டுவிட்டு அவரையே மார்க் போடச் சொல்லாதே. முதல் வருஷம் இரண்டு அணிகூட வராது, வராவிட்டால் போகட்டும், அடுத்த வருஷமும் அந்த வரியை அடிக்காமல் வைத்திரு.

ஆசானுக்கு நான் ஆள் பிடித்துவிட்டேன். குலசேகரம் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டியிருக்கும், இன்னும் நன்றாகக் குனிந்து ஆடுகிறார். கோயம்புத்தூர் வருவதற்குச் சம்மதம், ஆனால் ரப்பர் பால் வெட்டுகிற சீசனில் நகரமாட்டார், தங்க இடமும் போகவர ரயில் டிக்கெட்டும் சம்பளமும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும் என்றார். நியாயம்தானே. உங்கள் பிரின்சிபால் சரி என்றால் ஜூன் திறந்ததும் ஒரு தேதி சொல், நானே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மதினி கையால் அந்த அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டும் ரொம்ப நாளாயிற்று. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்