பூச்சி நடையில் நடையைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைப் பிள்ளைகளைப் பூச்சியும் சிலந்தியும் பார்க்கக் கூட்டிச் செல்வது நல்ல வழக்கம். ஆனால் 40 பேரைப் பத்து மணி வெயிலில் வரிசையாக நடத்தினால் வண்ணத்துப்பூச்சி நாலைந்தும் தும்பி சிலவும்தான் மிச்சம். ஒரு தடவைக்குப் 10, 12 பேர் போதும். காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிக்கலாம். அதற்கு 100 மீற்றர் பூவரசு வேலியே தாராளம்.

வெள்ளைக் குடையொன்றை விரித்துக் கவிழ்த்து, கிளைக்குக் கீழே பிடியுங்கள். தடியால் இரண்டு மூன்று தரம் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் இலைதான் கொட்டும். விழுந்தவற்றின் கால்களைப் பிள்ளைகளே எண்ணட்டும்: ஆறென்றால் பூச்சி, எட்டென்றால் சிலந்தி இனம். மயிர்க்கொட்டியை மட்டும் தொடவிடாதீர்கள். பார்த்து முடிந்ததும் அதே செடியில் விட வேண்டும். எலுமிச்சை இலை தின்னும் புழுவை எருக்கலையில் விட்டால் பட்டினியால் சாகும். கச்சான் காற்று எழும்பிவிட்டால் குடை உதவாது, சிலந்தி நூலோடு பறந்துவிடும்.

மாமரத்து முசுறு எறும்பு வரிசையைப் பொறுமையாகப் பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கித் திரியும் ஒன்று அகப்படலாம். இலையைத் தட்டியதும் அது நூலில் தொங்கினால் எறும்பல்ல, எறும்பு வேடமிட்ட சிலந்தி. மாரியின் முதல் மழை விட்ட காலையில் தரையில் ஊரும் சிவப்புத் தம்பளப்பூச்சிக்கும் எட்டுக் கால்கள். பெயரில் மட்டுந்தான் அது பூச்சி!

இரவு நடைக்குப் பாடசாலை வளவே போதும். கன்னியா, பன்குளப் பக்கக் காட்டோரம் வேண்டாம், யானை பயம். டோர்ச்சை இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு பிடித்துப் புல்லைப் பாருங்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புவதால் பச்சைப் பொட்டாக மினுங்கும். விரியன் பாம்பும் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். சப்பாத்து இல்லாத பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

நுளம்பு மருந்தைக் காலுக்கும் கழுத்துக்கும் பூசியபின் கையைக் கழுவச் சொல்லுங்கள். அது பூச்சிக்கும் ஆகாது. டீட் என்ற இரசாயனம் கலந்ததென்றால் பிளாஸ்ரிக் லென்ஸையும் மங்கச் செய்யும். போத்தலில் அடைத்து வெயிலில் வைத்தால் எந்தப் பூச்சியும் சில நிமிடங்களில் செத்துவிடும். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால், அங்கே பூச்சி பிடிக்கப் போத்தலை வெளியில் எடுக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
பூச்சி பார்ப்போர் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.