பாறையில் வழுக்கிய கண்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல்பாசி எடுக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் போன வாரம் இடது கண் வீங்கியிருந்தது. "பாறையில வழுக்கிட்டேன்க்கா" என்றாள். அன்று அவள் கடலுக்கே போகவில்லை. பாசி எடுக்கும்போது விரலில் சுற்றும் துணி கொடியில் காய்ந்தபடி கிடந்தது.

எங்கள் ஊரில் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் எல்லாம் உண்டு. அடி விழுந்தால் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "குடும்ப விஷயம்". குடும்ப வன்முறைக்கு எதிராக நாமும் எதிர்க்கரை இலங்கையும் சட்டம் போட்டது ஒரே ஆண்டில், 2005-ல். நம் சட்டப்படி மனைவி மட்டுமல்ல, அம்மாவும் அக்கா தங்கையும்கூடப் புகார் தரலாம். யாருக்குத் தெரியும்? 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மீன் ஏலக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் பெரிதாக எழுதிவைத்தால் என்ன?

ஒரு வாசகி,
பாம்பன்